சிறப்புப் பட்ட மாணவரின் முதல் ஆய்வு: நெறியாளருக்கான வழிகாட்டி

வகுப்பில் முதலிடம் பெற்று வந்த மாணவர், இளங்கலைச் சிறப்புப் பட்டத்தின் (ஹானர்ஸ்) ஆய்வுப் பருவத்தில் நுழைந்த சில வாரங்களிலேயே சோர்ந்துபோவதை நெறியாளர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அறிவிலோ உழைப்பிலோ அவரிடம் குறை இருப்பதில்லை. அதுவரை அவரிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும், கேட்டவரிடம் விடை இருந்தது. சரியா தவறா என்பது மறுவாரமே தெரிந்தது. ஆய்வில் கேள்வியை அவரே உருவாக்க வேண்டும், விடை யாரிடமும் இல்லை, செய்வது சரிதானா என்பது மாதக்கணக்கில் தெரியாமலும் போகலாம். இந்த மாற்றத்தைக் கடக்க உதவுவதே நெறியாளரின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன். ஆய்வு முறைகளைக் கற்பிப்பதும், வரைவைத் திருத்துவதும், கால அட்டவணை போடுவதும் அந்த வேலைக்குள் அடங்குபவை.

சிறப்புப் பட்டத்தின் அமைப்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பின் தனியாக ஓராண்டாக அது அமைவது வழக்கம். ஸ்காட்லாந்தில் நான்காண்டுப் படிப்பின் இறுதியில் ஆய்வேடு வருகிறது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் வெளியிட்ட சட்டகத்தின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்து, 12 மதிப்பலகு (கிரெடிட்) கொண்ட ஆய்வுத் திட்டத்தைச் செய்யலாம். எந்த அமைப்பானாலும் நடைமுறையில் கையில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கல்வியாண்டுதான், அதிலும் மற்றப் பாடங்களும் தேர்வுகளும் குறுக்கிடும். முப்பது வாரங்கள், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 360 மணி நேரம். இந்த எண்ணை முதல் சந்திப்பிலேயே மாணவர் தம் கையாலேயே கணக்கிட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். பின்னால் எடுக்கும் முடிவுகள் பலவற்றுக்கு அதுவே அளவுகோலாக நிற்கும்.

ஆய்வுப் பருவத்துக்கு முந்தைய ஆண்டு

ஆயத்தம் ஆய்வு தொடங்கும் நாளில் தொடங்கினால் அது தாமதம். முந்தைய ஆண்டின் ஏதாவது ஒரு பாடத்துக்குள், வெளிவந்த ஆய்வு ஒன்றை மாணவர்கள் தாங்களே மீண்டும் செய்து பார்க்கும் பயிற்சியைச் சேர்க்க முடிந்தால், ஆய்வு முறையியல் குறித்த பல விரிவுரைகளைவிட அது அதிகம் கற்றுத்தரும். தரவு பொதுவெளியில் கிடைக்கும் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ள ஓர் அட்டவணையை மட்டும் அப்படியே வருவிக்கச் சொன்னால் போதும். கட்டுரையில் சொல்லாமல் விடப்பட்ட தெரிவுகள் எத்தனை, எந்தத் தரவு ஏன் நீக்கப்பட்டது, ஒரு கருத்தை எப்படி அளந்தார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

இந்தப் பயிற்சி வெறும் ஒத்திகையாக முடிய வேண்டியதில்லை. அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி −0.1 சதவீதம் என்று கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2010 இல் எழுதினார்கள். கொள்கை விவாதங்களில் அந்த முடிவு பரவலாக எடுத்தாளப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மீண்டும் செய்ய முயன்று, எண்கள் ஒத்துவராததால் மூல விரிதாளைக் கேட்டுப் பெற்றார். சராசரிக்கான எக்செல் வாய்பாட்டில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில தரவுகள் சேர்க்கப்படவில்லை. எடையிட்ட முறையும் விவாதத்துக்குரியதாக இருந்தது. அவரும் அவருடைய ஆசிரியர்களும் 2013 இல் வெளியிட்ட திருத்திய கணக்கில் அதே சராசரி 2.2 சதவீதமாக வந்தது. இந்த நிகழ்வை மாணவர்களிடம் நான் விரிவாகவே சொல்வதுண்டு. அச்சில் வந்துவிட்டதாலேயே ஓர் எண் சரியாகிவிடாது என்பதும், பெயர்பெற்றவரிடம் விரிதாளைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது என்பதும் அதில் சேர்ந்தே புரிகின்றன.

தரவை வரைந்து பார்க்கும் பழக்கத்தையும் இந்த ஆண்டிலேயே ஊன்றிவிட வேண்டும். புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் 1973 இல் அமைத்துக் காட்டிய நான்கு தரவுத் தொகுதிகளை இதற்குப் பயன்படுத்தலாம். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரியும் பரவலும், இரு அளவைகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவும் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டியும், ஒன்று வளைகோடாகவும், மற்ற இரண்டு ஒற்றைப் புள்ளியால் திரிந்தும் தெரிகின்றன. பாதி வகுப்பு எண்களை மட்டும் கணக்கிடட்டும், மறுபாதி வரையட்டும், பிறகு இரு பக்கத்தாரும் தாங்கள் கண்டதைச் சொல்லட்டும். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

வினாவைச் சுருக்குவது

நெறியாளரின் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் செலவாக வேண்டும். மாணவர் கொண்டுவரும் முதல் வினா ஏறக்குறைய எப்போதும் ஒரு தலைப்பாகவே இருக்கும்: ‘சமூக ஊடகமும் மாணவர் கல்வியும்’ என்பதைப் போல. அதை வெட்டிச் சுருக்கும் வேலையை நாமே செய்து கொடுத்துவிடலாம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அப்படிக் கொடுத்த வினா கடைசிவரை நெறியாளருடையதாகவே இருக்கும். தரவு கைகொடுக்காத நாளில் அதைக் காப்பாற்றவோ மாற்றவோ மாணவருக்குத் துணிவு வராது. வினாவைக் கொடுக்காமல், வினாவை நோக்கிக் கேள்விகளைக் கொடுங்கள்.

நான் பெரும்பாலும் கேட்பவை இவை. கல்வி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள், மதிப்பெண்ணையா, வகுப்பு வருகையையா, படிக்கும் நேரத்தையா? யாருடைய கல்வி? அதை எதைக்கொண்டு அளப்பீர்கள், அந்தத் தரவு உங்கள் கைக்கு எப்படி வரும்? நீங்கள் நினைப்பது தவறாக இருந்தால் தரவில் என்ன தெரியும்? கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல முடியாத வினா இன்னும் ஆய்வு வினாவாகவில்லை. இரண்டு மூன்று வாரம் இப்படிப் பேசிய பின் அதே மாணவர், ‘தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இரவு பதினொரு மணிக்குப் பிறகு கைபேசி பார்க்கும் நேரத்துக்கும், முதலாண்டு மாணவர் தாமே பதிவுசெய்யும் தூக்க நேரத்துக்கும் உள்ள தொடர்பு என்ன?’ என்று எழுதிக்கொண்டு வருவார். முதல் தலைப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது, ஆனால் ஓராண்டில் முடிக்கக்கூடியது. சிறிதாகிவிட்டதே என்ற ஏமாற்றம் மாணவருக்கு இருக்கும். அதைப் புறந்தள்ளாமல், பெரிய தலைப்பின் எந்த மூலையை இந்தச் சிறிய வினா வெளிச்சமாக்கும் என்று அவரையே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். ஆய்வேட்டின் முன்னுரை பெரும்பாலும் அந்தப் பத்தியிலிருந்துதான் வளர்கிறது.

அளவைப் பற்றிப் பேசும்போது 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் செய்த சோதனையை எடுத்துக்காட்டுவேன். சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒரே இடத்தில் தங்கவைத்து, பொதுவான உணவையே கொடுத்து, ஆறு வகை மருந்துகளில் ஒவ்வோர் இணைக்கும் ஒன்றை மட்டும் தந்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரும் மற்றவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். மாணவர்கள் இதைக் கேட்டதும் ‘பன்னிரண்டு பேர் போதுமா?’ என்பார்கள். இங்கே போதுமானதாக இருந்ததற்குக் காரணம் விளைவு அவ்வளவு பெரியது, ஒப்பீடும் அவ்வளவு ஒழுங்கானது. நாம் தேடும் விளைவுகள் அப்படிப்பட்டவை அல்ல. இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே நடுத்தர அளவு வேறுபாட்டை, அதாவது அரைத் திட்டவிலக்க (தரவு சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதன் அளவு) வேறுபாட்டை, 5 சதவீதப் பொருண்மை நிலையில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம்) 80 சதவீத வாய்ப்போடு கண்டறிய ஒவ்வொரு குழுவிலும் 64 பேர் வேண்டும். கருத்துக் கணிப்பில் 100 பேரைச் சமவாய்ப்பு முறையில் கேட்டால் பிழை வரம்பு ஏறத்தாழ ±10 சதவீதப் புள்ளி, 400 பேரைக் கேட்டால் ±5. இந்தக் கணக்கைத் தரவு சேகரிக்கும் முன்பே மாணவர் செய்துபார்த்துவிட வேண்டும். 30 பேரிடம் வினாநிரலைக் கொடுத்து முடித்த பிறகு செய்தால் அது கணக்காக இராது, வருத்தமாகத்தான் இருக்கும்.

எண்களைவிட நேர்காணல் போன்றவற்றைச் சார்ந்த பண்புசார் ஆய்வை எளிதான மாற்றாக நினைத்து அதன் பக்கம் போகும் மாணவர்களையும் இந்த இடத்திலேயே எச்சரிக்க வேண்டும். ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தில் பெயர்க்கப் பழக்கமில்லாதவருக்கு ஐந்து மணி நேரமாவது பிடிக்கும். 15 நேர்காணல்கள் என்றால் 75 மணி நேரம்: தொடக்கத்தில் கணக்கிட்ட 360 இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பகுப்பாய்வைத் தொடுவதற்கு முன்பே போய்விடும். மென்பொருள் பெயர்த்துத் தந்தாலும் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலை மிஞ்சுகிறது, பேச்சுவழக்கு கலந்த பேச்சில் அந்த வேலை சிறியதன்று.

ஒப்புதல்

மனிதரிடமிருந்து தரவு பெறும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தரவு சேகரிப்புக்கு முன்பே கிடைக்க வேண்டும். சேகரித்த பிறகு வாங்கும் ஒப்புதல் முன்பு நடந்ததைச் சரிசெய்யாது. குழு கூடும் நாட்களைத் தொடக்கத்திலேயே அறிந்து அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள். மனிதரிடம் செய்யும் ஆய்வுக்கு நெறி வகுத்த 1964 ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி அறிக்கையையும் 1979 ஆம் ஆண்டின் பெல்மான்ட் அறிக்கையையும் மாணவர் ஒருமுறையாவது வாசித்திருந்தால், ஒப்புதல் படிவத்தை அலுவலகச் சடங்காக அவர் பார்க்க மாட்டார். குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள்: பங்கேற்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல உண்மையிலேயே முடியுமா? தாம் உதவி ஆசிரியராக இருக்கும் வகுப்பிலேயே வினாநிரலை நீட்டும் மாணவருக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் தோன்றியே இருக்காது.

சந்திப்புகள்

முதல் சந்திப்பிலேயே இருவரும் சேர்ந்து ஒரு பக்க உடன்பாடு எழுதுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பது, வரைவை எத்தனை நாள் முன்பு அனுப்ப வேண்டும், நெறியாளர் எத்தனை நாளில் கருத்துச் சொல்வார், அவசரமென்றால் எப்படித் தொடர்புகொள்வது ஆகியவை அதில் இருக்கட்டும். மாணவருக்குக் காலக்கெடு விதித்துவிட்டுத் தாம் மூன்று வாரம் வரைவைத் திறக்காமல் வைத்திருக்கும் நெறியாளர் அந்த உடன்பாட்டை முதலில் முறிப்பவர். இளங்கலை மாணவர் அதைச் சுட்டிக்காட்டத் துணியமாட்டார். ஆகவே நம் பக்கத்துக் கடமைகளை நாமே எழுத்தில் வைப்பது நேர்மையானது.

தொடக்கத்தில் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் சந்திப்பது, மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட நல்லது. ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தைய நாள் மாணவர் பத்து வரிக் குறிப்பு ஒன்றை அனுப்ப வேண்டும்: போன வாரம் செய்தது, எதிர்பாராமல் வந்தது, எங்கே நிற்கிறது, அடுத்து என்ன. சந்திப்பு முடிந்த அன்றே, பேசி முடிவெடுத்தவற்றை அவரே எழுதி அனுப்ப வேண்டும். நாம் சொன்னது அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது அந்தக் குறிப்பில்தான் தெரியும். ‘இன்னொரு முறை யோசியுங்கள்’ என்று நான் சொன்னதை ‘கைவிடுங்கள்’ என்று புரிந்துகொண்டு, நல்ல பகுதி ஒன்றையே நீக்கிவிட்ட மாணவர் ஒருவர் உண்டு. குறிப்பு எழுதும் வழக்கத்தை நான் கட்டாயமாக்கியது அதன் பிறகுதான்.

மாணவர் ஒரு சிக்கலைச் சொன்னதும் உடனே தீர்வைச் சொல்லிவிடுவது அனுபவமுள்ள நெறியாளருக்கு இயல்பாக வரும் பழக்கம். முதல் இரண்டு மாதங்களில் அது தேவையும்கூட, ஏனென்றால் எங்கே தேட வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. பிறகு மெல்லப் பின்வாங்க வேண்டும். ‘நீங்கள் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை காத்திருங்கள். அந்த மௌனம் இருவருக்குமே சங்கடமாக இருக்கும், ஆனாலும் நிரப்பிவிடாதீர்கள். ஆய்வின் நடுப்பகுதியில் மாணவர் இரண்டு வழிகளைக் கொண்டுவந்து, அவற்றில் ஒன்றைத் தாம் தேர்ந்ததற்கான காரணத்தையும் சொல்லத் தொடங்கினால், மேற்பார்வை சரியான திசையில் போகிறது என்று கொள்ளலாம்.

தரவு

முழுச் சேகரிப்புக்கு முன் ஐந்தாறு பேரிடமாவது முன்னோட்டம் நடத்துங்கள். அந்த ஐந்து பேரின் விடைகளைப் பகுப்பாய்வு வரை, ஒரு வரைபடம் வரைந்து முடிக்கும் வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். வினாநிரலில் எந்தக் கேள்வி பயன்படாமல் கிடக்கப்போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். மூலத் தரவுக் கோப்பை ஒருபோதும் திருத்தக்கூடாது. படியெடுத்து, படியில்தான் வேலை செய்ய வேண்டும். இரண்டாவது படி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். என்ன மாற்றம், எந்த நாளில், எதற்காக என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

பகுப்பாய்வுத் திட்டத்தைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதித் தேதியிட்டு வைப்பது, எதிர்பார்த்தது வராதபோது மாணவரைக் காப்பாற்றும். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத தரவிலும், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை 5 சதவீத நிலையில் செய்தால், ஒன்றாவது பொருண்மை மிக்கதாகத் தெரிய ஏறத்தாழ 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கடைசி மாதத்தில் ‘ஏதாவது கிடைக்காதா’ என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும் மாணவர் ஏமாற்ற நினைப்பவர் அல்லர். தொடர்பு எதுவும் தென்படாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்று அஞ்சுபவர். ஆகவே, ஒழுங்காகச் செய்த ஆய்வில் தொடர்பு காணப்படாததும் முடிவுதான் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லி, மதிப்பீட்டு விதிகளும் அதற்கு இடமளிக்கின்றனவா என்று சரிபாருங்கள். இடமளிக்கவில்லை என்றால் துறையில் அதற்காகப் பேச வேண்டியவர் நெறியாளர்தான்.

எழுத்து

எழுதுவதைக் கடைசி இரண்டு மாதங்களுக்குத் தள்ளிவைப்பதுபோல ஆய்வேட்டைக் கெடுப்பது வேறெதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆய்வு முறை பற்றிய இயலைத் தரவு சேகரிக்கும் நாட்களிலேயே எழுதிவிடலாம். செய்துகொண்டிருப்பதைச் சொல்வதால் அது எளிது, விவரங்களும் மறந்திருக்காது. முன்னாய்வுகளின் மதிப்பாய்வு கொஞ்சம் கடினம். ‘இன்னார் இதைக் கண்டார், இன்னார் அதைக் கண்டார்’ என்று பட்டியலாகவே அது முதலில் வரும். அப்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரிசையும், வினா, தரவு, முறை, முடிவு, எனக்குள்ள ஐயம் என்று நிரல்களும் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரிக்கச் செய்து, பிறகு நிரல் வழியாக எழுதச் சொல்லுங்கள். யார் யாரோடு முரண்படுகிறார், ஏன் என்பது அப்போது தானாக மேலே வரும்.

கருத்துச் சொல்லும்போது வரிசை முக்கியம். முதல் வரைவில் ஒற்றுப்பிழையைத் திருத்தாதீர்கள். நாளை நீக்கப்போகும் பத்தியைத் திருத்துவதில் இருவர் நேரமும் வீண். முதலில் வாதம், அடுத்து இயல்களின் அமைப்பு, பிறகு பத்தி, மொழி கடைசியில். ஒரு வரைவுக்கு மூன்று பெரிய கருத்துகளுக்கு மேல் வேண்டாம். நாற்பது சிறு குறிப்புகளோடு திரும்பும் வரைவில் எது முக்கியம் என்று மாணவருக்குத் தெரியாது. எளிதானவற்றை மட்டும் திருத்தி அனுப்பிவிடுவார். அமைப்பு குழம்பியிருந்தால், ஒவ்வொரு பத்திக்கும் ஒரே வாக்கியத்தில் ஓரத்தில் சுருக்கம் எழுதச் சொல்லுங்கள். சுருக்கம் எழுத முடியாத பத்தி எது என்று அவரே கண்டுபிடிப்பார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்ததிலிருந்து இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. இத்தகைய கருவிகள், உண்மையில் இல்லாத கட்டுரைகளை நம்பத் தகுந்த தலைப்போடும் ஆசிரியர் பெயரோடும் சொல்லக்கூடியவை. தடை, அனுமதி என்ற இரண்டோடு பேச்சை முடித்துவிடாமல், எதற்குப் பயன்படுத்தலாம், எதை ஆய்வேட்டில் அறிவிக்க வேண்டும் என்று நிறுவன விதியோடு சேர்த்துத் தெளிவாகச் சொல்லுங்கள். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையையும் மாணவர் திறந்து, தாம் எடுத்தாளும் பக்கத்தை வாசித்திருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் தளர்த்தவே வேண்டாம். சந்திப்பில் ஏதாவது ஒரு மேற்கோளைச் சுட்டி, ‘இதில் அவர்கள் எப்படி அளந்தார்கள்?’ என்று இயல்பாகக் கேட்பது போதுமான சோதனை.

பேசாமல் போகும் மாணவர்

ஏறக்குறைய எல்லா ஆண்டும் ஒருவராவது நடுவில் மறைந்துவிடுகிறார். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, சந்திப்புக்கு வருவதில்லை. சோம்பல் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. பெரும்பாலும் அது வெட்கம். சொன்ன தேதியில் தர முடியவில்லை, அடுத்த வாரம் இன்னும் நிறையத் தந்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்து, தள்ளித் தள்ளி, பிறகு முகம் காட்டவே முடியாமல் போகிறது. இரண்டு சந்திப்புகள் தவறியதும், கண்டிப்பில்லாத சிறிய செய்தி அனுப்புங்கள்: எதுவும் தயாராக இல்லாவிட்டாலும் வாருங்கள், கையிலிருப்பதை வைத்துத் திட்டத்தை மாற்றிக்கொள்வோம். வந்தால், ஒரு வாரத்தில் முடியக்கூடிய மிகச் சிறிய பணி ஒன்றைக் கொடுங்கள். குடும்பம், உடல்நலம், மனநலம் சார்ந்த காரணம் தெரிந்தால் நாமே ஆலோசகராக முயலாமல், நிறுவனத்தில் அதற்கென உள்ளவர்களிடம் அனுப்பி, காலநீட்டிப்புக்கான படிவத்தை அவரோடு சேர்ந்து நிரப்புங்கள்.

ஆய்வேடு ஒப்படைத்த பிறகு

ஆய்வு கட்டுரையாக வெளிவரக்கூடும் என்று தோன்றினால் ஆசிரியர் வரிசையைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்துள்ள நான்கு நிபந்தனைகள் மற்றத் துறைகளுக்கும் நல்ல தொடக்கம்: ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதுவதிலோ உள்ளடக்கத்தைத் திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு இசைவு, வேலை முழுவதற்கும் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்து இருப்பவரே ஆசிரியர். வினாவையும் தரவையும் எழுத்தையும் மாணவர் சுமந்திருந்தால் முதல் பெயர் அவருடையது. நெறியாளர் என்பதாலேயே பெயர் முன்னால் வரக்கூடாது.

தேர்வுக் குழுவின் முடிவு வந்த பின் ஒரு சந்திப்பை ஒதுக்குங்கள். மூலத் தரவும் குறிப்பேடும் எங்கே, எத்தனை காலம் இருக்க வேண்டும் என்று ஒப்புதல் விண்ணப்பத்தில் எழுதியதை எடுத்துப் பார்த்து அதன்படி ஒப்படையுங்கள். பங்கேற்றவர்களுக்கு முடிவைச் சொல்வதாக வாக்களித்திருந்தால், ஒரு பக்கச் சுருக்கத்தை எளிய தமிழில் மாணவர் எழுதி அவர்களுக்கு அனுப்பட்டும். முதல் வாரத்தில் அவர் எழுதிவைத்த தலைப்பையும் 360 மணி நேரக் கணக்கையும் மேசையில் வைத்து, எங்கே எவ்வளவு நேரம் உண்மையில் போயிற்று என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளின் படி ஒன்றை, அவர் இசைவோடும் பெயரை நீக்கியும், அடுத்த ஆண்டு வரும் மாணவருக்காக வைத்துக்கொள்ளலாம்.